கரடிமுடி உருக்கும் ஒரு தோலுறையும்

"கரடிமுடியில கெடக்குற உருக்குல ஒரு வேட்டைக் கத்தி அடிச்சுக் கொண்டு வாப்பா! இந்தச் சீமைக் கத்தியைக் கழட்டிப் போட்டுட்டு அதையே இடுப்புல கட்டிக்கிறேன்!"

காபித் தோட்டத்து முதலாளி அரங்கசாமி நாயக்கர் இப்படிச் சவால் விட்டது குமரேசனைப் பார்த்து. பக்கத்திலேயே நின்ற ராயப்பனை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

திண்டுக்கல்லில் இவர்கள் இருவரும் சேர்ந்துதான் வேட்டைக் கத்தி செய்தார்கள். குமரேசன் அலகு அடிப்பான், பிடி போடுவான். ராயப்பன் அதற்குத் தோலுறை தைப்பான். சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. லைசென்ஸ் வாங்கி மலையில் வேட்டையாடுகிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருந்தார்கள். எல்லோரும் கத்தியை உருவி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "குமரேசா, உன் கை கையா, இல்லே மந்திரமா?" என்பார்கள். உறையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாயக்கர் அன்றைக்கு, காட்டக் கொண்டுபோன கத்தியின் உறையைத் தேநீர்க் குவளைக்கு அடியில் வைத்துக்கொண்டார்!

ராயப்பனுக்கு வயிறு எரிந்தது. அது இன்று நேற்று மூண்ட நெருப்பு இல்லை.

கரடிமுடி உருக்கின் கதை மலையடிவாரம் முழுக்கத் தெரிந்ததுதான். முன்னொரு காலத்தில் வெள்ளைக்காரப் படை ஒரு பாளையக்காரர் கோட்டையை இடித்தபோது, அங்கிருந்த கொல்லர்கள் வாள் அடிக்க வைத்திருந்த உருக்குக் கட்டிகளை மலைமேல் கொண்டுபோய், ஓர் அருவிக்குப் பின்னால் இருக்கும் குகையில் ஒளித்துவைத்தார்களாம். மயிரிழையை மேலே போட்டால் அறுந்து விழும் அளவுக்குக் கூர் ஏறும் உருக்காம் அது!

"குகை இருக்குறது நெசம்தான்" என்றாள் பேச்சி. மலையில் தேன் எடுக்கும் பளியர் குடியைச் சேர்ந்தவள் அவள். தோட்டத்துக்குத் தேன் கொண்டுவந்திருந்தாள். "தேனுக்குப் போனப்ப எட்டிப் பாத்திருக்கேன். மூலையில கறுப்பா என்னமோ கெடந்துச்சு. கூட்டிட்டுப் போறேன். ஆனா மலையில நான் சொல்றதைக் கேக்கணும்."

"நாளைக்கே கெளம்பலாம்க்கா!" என்று குதித்தான் குமரேசன்.

"நானும் வர்றேன்" என்றான் ராயப்பன்.

குமரேசன் ஆச்சரியமாகத் திரும்பினான். "உனக்கு அட்டைன்னாலே ஆகாதேடா?"

"வர்றேன்னா வர்றேன்!"

குமரேசன் மட்டும் போய் அந்த உருக்கோடு திரும்பி வந்தால் ஊரே அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். அதைப் பார்த்துக்கொண்டு கடையில் உட்கார்ந்து வார் அறுக்க வேண்டும். இதுதான் ராயப்பன் மனசில் ஓடியது. வேறு எந்தக் காரணமும் இல்லை.

பொழுது விடிந்ததும் மூவரும் ஏறத் தொடங்கினார்கள். பேச்சியிடம் வெட்டரிவாளும், தேன் எடுக்கப் போகும்போது பாறையில் இறங்குவதற்கான நார்க்கயிறும் இருந்தன. கிடைக்கிற கட்டி உருக்குத்தானா என்று அங்கேயே காய்ச்சித் தட்டிப் பார்க்கக் குமரேசன் கைச்சுத்தியலும் குறடும் எடுத்துக்கொண்டான். ராயப்பன் முதுகில் அவனே செய்த தோல்பை. எருமைத்தோல் அடிப்பக்கம், ஆட்டுத்தோல் மேல்பக்கம், நெருங்கின தையல். மழையில் ஒரு சொட்டு உள்ளே இறங்காது. அதற்குள் சோறும், எண்ணெய்க் குப்பியும், ஊசி நூலும், குத்தூசியும், தோல் சீவும் சின்ன உளியும்.

அட்டை கடித்தது. முள் கிழித்தது. ஓர் இடத்தில் பேச்சி சட்டென்று கையை உயர்த்தினாள். மூங்கில் முறியும் சத்தம். "யானை! மூச்சு விடாதீங்க!" மூவரும் ஒரு பாறைக்குப் பின்னால் ஒடுங்கினார்கள். சாம்பல் நிற முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து போய் முடியும் வரைக்கும் ராயப்பன் கண்ணையே திறக்கவில்லை. திறந்தபோது குமரேசன் ஏதோ முணுமுணுக்க, பேச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

'இங்கேயும் இவன்தானா? காட்டுக்குள்ளே மூணு பேர்தான் இருக்கோம். இங்கேயும் எல்லாரும் இவனைத்தான் பாக்கணுமா?'

மலைக்குக் குறுக்கே ஓடும் கொம்பாற்றை ஓர் ஒற்றை மரப் பாலத்தில் கடந்தார்கள். ஆறு பாறைப் பிளவுக்குள் ஆழத்தில் ஓடியது. அதைத் தாண்டி மேலே ஏறினால் கரடிமுடி. அருவியின் இரைச்சல் காதை அடைத்தது. அதன் பக்கவாட்டில், பாசி பிடித்த குறுகலான பாறைத் திட்டு ஒன்று குகைக்குப் போனது.

"நான் முதல்ல!" என்று குமரேசன் முன்னால் பாய்ந்தான்.

"தம்பி, நில்லு! வாடை அடிக்குது!" என்று பேச்சி கத்தினாள்.

அவள் சொல்லி முடிக்கவில்லை. குகைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு உருவம் உறுமிக்கொண்டு வெளியே பாய்ந்தது. கரடி!

பேச்சி யோசிக்கவே இல்லை. கையிலிருந்த வெட்டரிவாளை ஓங்கி வீசினாள். அது பாறையில் 'டங்'கென்று மோதித் தெறித்து அருவிக்குள் போய்விட்டது. சத்தத்தில் மிரண்ட கரடி குமரேசனை இடித்துத் தள்ளிவிட்டுப் புதருக்குள் ஓடி மறைந்தது. குமரேசன் வழுக்கி விழுந்தான். உருண்டு வந்த ஒரு கல் அவன் வலது மணிக்கட்டின் மேல் விழுந்தது. அடுத்த கணம் அவன் திட்டின் விளிம்பில், இடது கையால் ஒரு வேரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே வெள்ளை வெளேரென்று நுரைத்தண்ணீர்!

"ராயப்பா! டேய், ராயப்பா!"

ராயப்பன்தான் பக்கத்தில் நின்றான். அவன் அசையவில்லை. ஒரு கண்ணிமைப்பு, அவ்வளவுதான். அந்த இமைப்பில், குமரேசன் இல்லாத திண்டுக்கல் ஒன்று அவன் கண்ணில் வந்து போனது.

உடனே அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. "பிடிடா!" என்று அலறிக்கொண்டே பையைக் கழற்றி, அதன் வாரை வீசினான். குமரேசன் வாரைப் பல்லாலும் கையாலும் பற்றினான். ராயப்பனும் பேச்சியும் குப்புறப் படுத்து இழுத்தார்கள். தோல்வார் முறுகியது, நீண்டது, ஆனால் அறுபடவில்லை. குமரேசன் மேலே வந்து விழுந்தான். அவனுடைய வலது மணிக்கட்டு வேறு பக்கம் திரும்பியிருந்தது.

குகையின் மூலையில், வௌவால் எச்சத்துக்கு அடியில், மூன்று கறுப்புக் கட்டிகள் கிடந்தன. உள்ளங்கையில் அடங்கும் உருண்டைகள். அந்த அளவுக்கு அவ்வளவு கனம் இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள்! குமரேசன் வலியை மறந்து இடது கையால் ஒன்றைத் தட்டினான். மணி போல ஒலித்தது.

"உருக்குதான்டா ராயப்பா! உருக்கேதான்!" என்று அழுதான், சிரித்தான்.

ஆனால் அந்தச் சந்தோஷம் கொம்பாறு வரைக்கும்தான். மலையுச்சியில் கொட்டிய மழை ஆற்றில் இறங்கியிருந்தது. ஒற்றை மரப் பாலம் இருந்த இடத்தில் வெறும் காற்று!

"சுத்திப் போக வழி இல்லையாக்கா?" என்று கேட்டான் ராயப்பன்.

"உச்சியைச் சுத்திப் போகணும். நாம ரெண்டு பேருன்னா போகலாம். இந்தக் கையோட தம்பி பாறை ஏறாது. தண்ணி வடியுறதுன்னா மழைக்காலம் முடியணும்." அவள் குமரேசனின் கையைத் தொட்டுப் பார்த்தாள். விரல்கள் வீங்கி நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன. "கை அதுவரைக்கும் தாங்காது. சீக்கிரம் டாக்டர்கிட்டப் போகணும்."

பிளவின் இந்தக் கரையில், விளிம்புக்குக் கீழே ஒரு பாறை மடிப்பில், மூங்கில் புதர் ஒன்று வளர்ந்திருந்தது. நெட்டை மூங்கில்கள். தலை மேலே கைக்கெட்டியது. அடி கீழே இருந்தது. நான்கைந்து மூங்கிலை வெட்டி மேலே இழுத்துப் பிளவின் குறுக்கே போட்டால் பாலம் தயார். வெட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லை. ராயப்பனின் தோல் உளியால் மூங்கிலைக் கீறினால் உளியின் வாய்தான் மடங்கும்.

மூவரும் கரையில் உட்கார்ந்தார்கள். பேச்சிதான் திடீரென்று எழுந்தாள்.

"ஏன் தம்பிகளா, கத்தி செய்யத்தானே இம்புட்டுத் தூரம் வந்தீங்க? இங்கேயே செய்யுங்களேன்!"

குமரேசன் தலை நிமிர்ந்தான். "கரி வேணும். துருத்தி வேணும். அடிக்க ஒரு கை வேணும்." அவன் ராயப்பனைப் பார்த்தான். "துருத்தின்னா தோலு. கைன்னா உன் கை."

ராயப்பனுக்குள் ஏதோ துள்ளியது. சுத்தியல்! இத்தனை வருஷமாக அவன் கண் வைத்த சுத்தியல்! ஆனால் துருத்திக்குத் தோல் எங்கே? மடியில் இருந்த பையைக் குனிந்து பார்த்தான். அவன் கையால் செய்ததிலேயே உயர்ந்தது அதுதான். அதை வெட்டி இவன் சொல்கிற நெருப்புக்குக் காற்றடிக்க வேண்டுமா?

உளியை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு முதல் தையலைப் பிரித்தான்.

அன்று பேச்சி காய்ந்த கிளைகளை ஒடித்துக் குழியில் போட்டு எரித்து, மண்ணை மூடிக் கரியாக்கினாள். ராயப்பன் ஆட்டுத்தோலில் துருத்தி தைத்தான். அதன் வாய்க்கு ஒடிந்து கிடந்த ஒரு மூங்கில் துண்டைச் செருகி, முனையில் களிமண் பூசினார்கள். ஆற்றோரத்துக் கருங்கல்தான் பட்டடை.

மறுநாள் காலையில் உலை மூட்டினார்கள். பேச்சி துருத்தியை அமுக்கினாள். கரி கனன்று சீறியது. முதல் கட்டி சிவக்கத் தொடங்கியது.

"போதும், எடு! கொவ்வைப்பழ நிறம் போதும். அதுக்கு மேல போனா இந்த உருக்கு தாங்காதுடா" என்றான் குமரேசன்.

ராயப்பனின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. 'இவனுக்குப் பொறுக்கலை. கை ஒடிஞ்சு உக்காந்தும் அதிகாரம் போகலை. நான் அடிச்சு இவன் அடிச்சதைவிட நல்லா வந்துட்டா என்ன பண்றதுன்னு பயம்!' நன்றாகக் காய்ந்தால்தான் சீக்கிரம் நீளும் என்று அவனாகவே முடிவு கட்டினான். "இன்னும் ஊதுக்கா! நல்லா ஊது!"

"டேய், வேண்டாம்!"

கட்டி மஞ்சளாக ஜொலித்தது. ராயப்பன் குறட்டால் எடுத்து, மூச்சை இழுத்து, முழுப் பலத்தோடு ஓங்கி ஓர் அடி அடித்தான்.

கட்டி நொறுங்கிப் பொரியுண்டை போல உதிர்ந்தது!

கல்லின் மேல் சிதறிய துண்டுகள் சிவந்து, கறுத்து, அணைந்தன. குமரேசன் திட்டுவான் என்று ராயப்பன் காத்திருந்தான். திட்டியிருந்தால் கூடத் தேவலை. குமரேசன் தன் வீங்கிய கையைப் பார்த்தான். பிறகு இரண்டாவது கட்டியைக் காலால் அவன் பக்கம் நகர்த்தினான்.

"கொவ்வைப்பழ நிறம்" என்றான், அவ்வளவுதான்.

இந்தத் தடவை ராயப்பன் அந்த நிறத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. சிவந்ததும் எடுத்தான், மெல்லத் தட்டினான், கறுக்கும் முன்னால் திரும்ப நெருப்பில் வைத்தான். தட்டினான், வைத்தான், தட்டினான். உருக்கு முரண்டு பிடித்தது. மயிரிழை மயிரிழையாகத்தான் நீண்டது. உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி உடைந்தது. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தபோது கட்டி ஒரு பட்டையாகியிருந்தது. "முதுகு தடிமனா இருக்கட்டும். இப்ப வாய்ப்பக்கம் மட்டும் தட்டு. முனையை லேசா மேல தூக்கு" என்று குமரேசன் சொல்லச் சொல்ல, பட்டை ஒரு வேட்டைக் கத்தியின் உருவத்துக்கு வந்தது.

எண்ணெய்க் குப்பியில் மிச்சம் இருந்த நல்லெண்ணெயை ஒரு மூங்கில் கணுவில் ஊற்றினார்கள். பழுத்த அலகை அதில் இறக்கியதும் 'சொய்ய்ய்' என்று புகை கிளம்பியது. விரிசல் இல்லை! அலகு முறியாமல் இருக்க அதைத் தணலுக்கு மேலே பிடித்து, வைக்கோல் நிறம் வந்ததும் ஆறவிட்டார்கள். மணலிலும் கல்லிலும் தேய்க்கத் தேய்க்க, நீரலை போல மெல்லிய கோடுகள் அலகில் தோன்றின. கடமான் உதிர்த்த கொம்புத் துண்டு ஒன்றைப் பேச்சி தேடிக் கொண்டுவந்தாள். அலகின் வாலைப் பழுக்கக் காய்ச்சிக் கொம்புக்குள் இறக்கி, மரத்தில் கசிந்திருந்த குங்கிலியப் பிசினை உருக்கி ஊற்றினார்கள்.

கத்தி! ராயப்பன் அடித்த கத்தி! அதை அவன் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரக்கண்ணால் குமரேசனையும் பார்த்தான். குமரேசனின் முகம் சுண்டியிருந்தது. அதைக் கண்டதும் ராயப்பனுக்குத் தேன் குடித்தது போல இருந்தது.

"குடு தம்பி, இறங்கி வெட்டிடுறேன்" என்று பேச்சி கயிற்றை மரத்தில் கட்டினாள். பிறகு நகத்தை வைத்துக் கத்தியின் கூரைப் பார்த்தவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "ஆத்தாடி! உறை எங்கே? கயித்துல இறங்க ரெண்டு கையும் வேணும். இதை வெறுமனே இடுப்புல செருகினா கயிறும் அறும், தொடையும் அறும். உறை இல்லாம நான் இறங்கமாட்டேன்."

"உறைதானே?" என்று ராயப்பன் அலட்சியமாகச் சொன்னான். உறையாம், உறை! கத்தியே அடித்தவனுக்கு உறை ஒரு வேலையா? பையில் மிச்சமிருந்த எருமைத்தோலை மடித்து, நாலு தையல் போட்டு, நிமிஷத்தில் நீட்டினான்.

குமரேசன் அதை வாங்கிக் கத்தியைச் செருகி, தலைகீழாகப் பிடித்தான்.

கத்தி நழுவி விழுந்து மண்ணில் குத்தி நின்றது.

"நான் செஞ்சிருந்தாத்தான் இப்படி வரும்" என்றான் குமரேசன் மெதுவாக. "நீ செஞ்சு நான் இப்படிப் பாத்ததே இல்லைடா. அக்கா உசிரு இதுல தொங்கப்போகுது."

ராயப்பனுக்குக் கோபம் தலைக்கேறியது. எனக்கே தையல் சொல்லிக்கொடுக்கிறாயா என்று கேட்க வாயைத் திறந்தான். மண்ணில் குத்தி நின்ற கத்தியைப் பார்த்தான். அந்தப் பக்கம் கருங்கல்லைச் சுற்றி முதல் கட்டியின் துணுக்குகள் கிடந்தன. வாயை மூடிக்கொண்டான்.

உறையைப் பிரித்துப் போட்டு முதலிலிருந்து தொடங்கினான். தோலை ஊறவைத்தான். எண்ணெய் தடவிய கத்தியின் மேல் ஈரத்தோலைப் போர்த்தி, அலகின் வளைவும் பிடியின் கழுத்தும் அச்சாகப் பதியும் வரை விரலால் அழுத்தி நீவினான். கூர் தையலை அறுத்துவிடாமல் இருக்க, ஓரத்தில் இன்னொரு தோல்பட்டையை நடுவே வைத்தான். குத்தூசியால் நெருக்கமாகத் துளையிட்டு, ஒரே நூலை இருபக்கமும் ஊசி கோத்து இழுத்தான். பேச்சி கொடுத்த தேன்மெழுகைத் தணலில் காட்டித் தேய்க்க, தோல் மரக்கட்டை போல இறுகியது. கைக்கொப்புளத்திலிருந்து நீர் வடிந்தது. அதை அவன் கவனிக்கவே இல்லை. குமரேசன் பார்க்கிறானா என்றும் பார்க்கவில்லை.

கத்தியை உறையில் தள்ளினான். 'டக்'கென்று உட்கார்ந்தது. தலைகீழாகப் பிடித்து உதறினான். அசையவில்லை. பெருவிரலால் நெம்பினான். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

மறுநாள் விடிந்ததும் பேச்சி உறையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினாள். மேலே இருவரும் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார்கள். பாறை நனைந்திருந்தது. பாதி தூரத்தில் அவள் கால் வழுக்கியது! கயிறு முறுக்கிக்கொள்ள, அவள் தலைகீழாகச் சுழன்றாள். இடுப்பிலிருந்த வெற்றிலைச் சுருக்குப்பை நழுவி ஆற்றுக்குள் பறந்தது.

"அக்கா!"

"கத்தி!"

இருவரும் ஒன்றாக அலறினார்கள். பேச்சி காலால் பாறையை உதைத்து நிமிர்ந்தாள். இடுப்பைத் தடவினாள்.

"இருக்கு! இருக்கு!" என்று அவள் குரல் பிளவு முழுக்க எதிரொலித்தது. "வெத்தலைதான் போச்சு!"

ராயப்பன் பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் தோளில் ஒரு கை விழுந்தது. குமரேசனின் இடது கை. அது கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

கீழே வெட்டுச் சத்தம் கேட்டது. இளமூங்கிலும் கிழட்டு மூங்கிலும் வாழைத்தண்டு போல அறுந்தன. ராயப்பன் தலைப்பக்கத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக மேலே இழுத்தான். பிளவின் குறுக்கே தள்ளி, தோல்வாரால் சேர்த்துக் கட்டினார்கள். முதலில் பேச்சி கடந்தாள். அப்புறம் ராயப்பன் குமரேசனைத் தன் முதுகோடு வாரால் பிணைத்துக்கொண்டு, மூங்கிலின் மேல் தவழ்ந்தான். மூங்கில் வளைந்தது, முனகியது. கீழே கொம்பாறு கொந்தளித்தது. அக்கரை மண்ணில் கை பட்டபோது அவர்கள் அப்படியே கவிழ்ந்து படுத்துச் சிரித்தார்கள்.

இறங்கும் வழியில் சண்டை ஆரம்பமாயிற்று.

"கத்தியில என் பேரைத்தான் வெட்டணும். அடிச்சது நான்!" என்றான் ராயப்பன்.

"நிறம் சொன்னது யாரு? நான் சொல்லலைன்னா ரெண்டாவதும் பொரியுண்டைதான்!" என்றான் குமரேசன். பிறகு, பார்வையைத் திருப்பிக்கொண்டு, "நேத்து நீ அதை வெயில்ல பிடிச்சுப் பாத்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஆத்துல தூக்கி எறிஞ்சிடலாம் போல இருந்துச்சுடா" என்றான்.

ராயப்பன் நின்றுவிட்டான். அருவித் திட்டில் தான் அசையாமல் நின்ற அந்த ஓர் இமைப்பைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அது அவனோடேயே இருந்துவிட்டது.

மலையடிவாரத்தில் பேச்சி திரும்பி நின்றாள். "பேரு ரெண்டையும் வேற எதுலயாச்சும் வெட்டிக்கோங்க. என் அருவா உங்களாலதான் அருவியில போச்சு. இந்தக் கத்தி எனக்கு!" என்று சொல்லி, இடுப்பு உறையைத் தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மலைப்பாதையில் ஏறிப் போய்விட்டாள்.

நேரத்தோடு வந்து சேர்ந்ததால் ஆஸ்பத்திரியில் குமரேசனின் கையைக் காப்பாற்றிவிட்டார்கள். கட்டுப் பிரித்த பிறகு, மிஞ்சிய மூன்றாவது கட்டியில் இருவரும் சேர்ந்து நாயக்கருக்குக் கத்தி செய்தார்கள். குமரேசன் நெருப்பைப் பார்த்துக்கொள்ள, கனமான அடியை ராயப்பன் அடித்தான். நாயக்கர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். சீமைக் கத்தியைக் கழற்றிவிட்டு அதைக் கட்டிக்கொண்டு, தோட்டத்து ஆட்களிடமெல்லாம் காட்டினார்.

ராயப்பனுக்குப் பொறாமை அடியோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். யாராவது குமரேசனைப் புகழ்ந்தால் இப்போதும் வயிற்றில் சுருக்கென்கிறது. ஆனால் தன் கண் அடுத்தவன் கைமேல் போனபோதெல்லாம் தன் வேலை கெட்டதை அவன் கரடிமுடியில் பார்த்துவிட்டான். சுருக்கென்றால் உடனே குனிந்து தையலைப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

அவர்கள் செய்ததிலேயே சிறந்த கத்தியும் சிறந்த உறையும் பேச்சியின் இடுப்பில் மலையெல்லாம் சுற்றின. தேன் விற்க அவள் சந்தைக்கு இறங்கும்போது யாராவது அதைத் தொட்டுப் பார்த்து, "யாரு செஞ்சது?" என்று கேட்பார்கள்.

"ரெண்டு பேரு செஞ்சாங்க" என்பாள் பேச்சி. "முழுக்கச் சண்டை போட்டுக்கிட்டே செஞ்சாங்க. அதான் இம்புட்டுக் கூரு!"